பெற்றவள் வாய் திறக்கக் கூடாது

இன்று காலை உன் பையைத் திறந்தேன். போன வாரம் உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த அதே ஜவுளிக்கடைத் துணிப்பை. துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தார், பாவம். துவைத்துவிட்டால் போய்விடுமா? வாயைப் பிரித்ததும் குப்பென்று வஞ்சிர மீன் வாடை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து, கடற்கரையோரம் மீன் வாங்கி, அதையும் எங்கள் கதைகளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நீ கூட்டத்துக்கு வந்த வருஷங்கள் அத்தனையும் அந்தத் துணியில் ஊறிக் கிடக்கின்றன.

எத்தனை தரம் அந்தப் பையால் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன் தெரியுமா? முதல் தடவை கதைத் தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போனபோது என் மாமியார் கூடத்தில் நின்று மூக்கைச் சுளித்தார். "ஏண்டிம்மா, பேப்பர்லேர்ந்தா வரது இந்த வாடை?" அச்சு மை வாடை என்று சாதித்துவிட்டேன். உன்னிடம் சொன்னபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "விடு மயிலாப்பூர். வாசனையே இல்லாத கதைக்கு இது எவ்வளவோ மேல்" என்றாய். என் பெயரை நீ கூப்பிட்டதே இல்லை. உனக்கு நான் எப்போதும் மயிலாப்பூர்தான்.

இப்போது மத்தியானம். இன்னும் சாப்பிடவில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் நேராக எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆமாம், கூட்டம் நடந்தது. நீ போன பிறகு நடந்த முதல் கூட்டம். அதுவே கடைசிக் கூட்டமாகவும் இருந்திருக்க வேண்டியது.

உனக்கு நினைவிருக்கும், நாம் முதலில் சந்தித்தது என் பெண் படித்த பள்ளிக்கூடத்தில். நீ அவளுக்கு வேதியியல் டீச்சர். பெற்றோர் கூட்டத்தில் என் முறை வரும்வரை சும்மா இருக்க முடியாமல் கையிலிருந்த சுற்றறிக்கையின் பின்பக்கம் நான் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய். "உங்க பொண்ணு மார்க்கைப் பத்தி அப்புறம் பேசலாம். இந்தக் கதையில அந்த ஆளு திரும்பி வருவானா, மாட்டானா?" என்று கேட்டாய். ஆடிட்டர் ஆபீசில் நாளெல்லாம் அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கிற எனக்கு, நான் எழுதுவதைக் கதை என்று சொன்ன முதல் ஆள் நீ. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன் பிறகு நாம் போகாத இலக்கியக் கூட்டம் உண்டா? தி.நகரில் ஒன்று, ராயப்பேட்டையில் ஒன்று. எழுதியவரே வாசிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். ஒருவர் எழுந்து நல்லா இருக்கு என்பார். பொன்னாடை, காபி, வீடு. மூன்றாவது கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது நீ கொதித்துப் போயிருந்தாய். "பெத்தவ எதிர்லயே குழந்தைக்கு மூக்கு சப்பைன்னு எவ சொல்லுவா? முதல்ல பெத்தவளை வெளியே அனுப்பணும்டி" என்றாய். நம்முடைய விதி அந்த பஸ் ஸ்டாப்பில்தான் பிறந்தது.

விதி இதுதான். யாரும் கதையில் பெயர் போடக் கூடாது. எல்லாக் கதையும் உன் பைக்குள் போகும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்தவர் அந்தக் கதையைத் தத்து எடுத்ததாக அர்த்தம். அவர்தான் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் திட்டும்போது அவர்தான் அதற்காகச் சண்டை போட வேண்டும். உண்மையில் எழுதியவர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, தன் குழந்தையை ஊரே திட்டுவதையும் யாரோ ஒருவர் மாரடித்துக் காப்பாற்றுவதையும் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கடைசியில் டீ வரும்போது, விருப்பம் இருந்தால் கை தூக்கி நான்தான் என்று சொல்லலாம். விருப்பமில்லாவிட்டால் அதுவும் வேண்டாம்.

கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று மோகனைப் பிடித்தாய். சைதாப்பேட்டையில் கோர்ட் பக்கம் மனு டைப் அடிக்கிற மோகன். நம் எல்லோர் கதையும் அவரிடம் போய் ஒரே எழுத்தில், ஒரே தாளில் திரும்பி வரும். எது யாருடையது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எவ்வளவு நோண்டினாலும் சொல்ல மாட்டார். "இன்னா மேடம், கட்சிக்காரன் ரகசியத்தையே வெளிய சொல்லாதவன் நானு. உங்க கதைய சொல்லிடுவனா?" என்பார். நம் கூட்டத்துச் செல்வம் எழுதிய காதல் கதையில், மனு அடிக்கிற பழக்க தோஷத்தில், காதலன் வருகிற இடத்தில் எல்லாம் 'மேற்படி நபர்' என்று அடித்துவிட்டார். அதைத் தத்து எடுத்தது நீதான். மேற்படி நபர் என்பதுதான் அந்தக் கதையின் உயிர், அவள் இனிமேல் அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை என்று நீ வாதாடி ஜெயித்தாய். செல்வமும் அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

என் முதல் கதை உன் கைக்கு வந்த நாளை எப்படி மறப்பேன்? அடையாறில் செல்வத்தின் டியூஷன் சென்டர், பலகையில் அழிக்காத இயற்பியல் கணக்கு, பெஞ்சுக்கடியில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில். என் கதையில், ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் வாழ்கிற புருஷன் பெண்டாட்டி. மோட்டார் போட்டாச்சா, தண்ணி வந்ததா என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சே கிடையாது. நீ வாசித்து முடித்ததும் செல்வம், "இது யார் வீட்டிலயோ நிஜமா நடக்கிறதுங்க" என்றார். எனக்குக் காது மடல் சுட்டது. நான் எழுதியது என்று தெரிந்துவிடக் கூடாதே என்கிற பயத்தில், எல்லோரையும் முந்திக்கொண்டு நானே என் கதையைக் கிழிக்க ஆரம்பித்தேன். நம்பும்படியாகவே இல்லை, அந்தப் பெண் ஏன் இப்படி ஊமையாக இருக்கிறாள், வாயில் கொழுக்கட்டையா என்று கேட்டேன்.

நீ பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாய். "அவ ஊமை இல்ல. இருபது வருஷக் கோபத்தை எந்த வார்த்தையில ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறா. அதனாலதான் தண்ணி வந்துதான்னு கேக்கிறா. உனக்கு அது கேக்கலைன்னா உன் காதுல கோளாறு, கதையில இல்ல!" என்று என்னைப் பார்த்தே கத்தினாய். அடிப்பாவி, அதை எழுதிய எனக்கே அது அதுவரை தெரியாது. என் கதைக்குள் அவ்வளவு இருந்ததா என்று திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் கை தூக்கவில்லை. பஸ் ஏறும்போது நீ என் காதோரம், "ஏய் மயிலாப்பூர், தன் குழந்தையை அந்த அடி அடிக்கிறவ நிச்சயம் பெத்தவளாத்தான் இருப்பா" என்று சொல்லிவிட்டு ஓடிப் போனாய். அன்று ராத்திரி நான் உட்கார்ந்து எழுதியதுதான் அந்தக் கதையின் கடைசிப் பக்கம்.

அப்படிப்பட்டவள் கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். யாரிடம் கோபித்துக்கொள்வது? கல்லறைக்கு வந்து நின்று உன்னைத் திட்டிவிட்டுப் போனேன். உன் தங்கை ஒரு மாதிரி பார்த்தாள்.

நீ இல்லாமல் கூட்டம் தானாகவே நின்றது. செல்வம் ஃபோனில் பேசும்போது இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீட் வகுப்பு நடத்தச் சொல்லிப் பெற்றோர்கள் நச்சரிக்கிறார்கள், அறை சும்மாதானே இருக்கிறது, ஒரு தடவை கூடி முறையாக முடித்துக்கொள்வோமா என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு ஃபோனை வைத்த பிறகுதான் தெரிந்தது, இது நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்று. எனக்குத் தனியாக எழுதத் தெரியாது. யாரோ ஒருவர் எனக்காகக் கத்தப் போகிறார் என்கிற தைரியத்தில்தான் இத்தனை வருஷமும் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம்.

ஆக, இன்று காலை அடையாறில் நாங்கள் நான்கு பேர். நான், செல்வம், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற வசந்தி, கொட்டிவாக்கத்தில் செல்ஃபோன் கடை வைத்திருக்கிற கிருபா. கிருபாவை நீ இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருப்பாய். நன்றாகச் சண்டை போடுவான் என்று நீயே சொன்ன ஆள். மோகன் வழக்கம்போல டீ கிளாஸோடு வாசற்படியில். அவர் கொண்டுவந்த கதைகளை நான் உன் பைக்குள் போட்டேன். போடும்போதே தெரிந்தது, ஒன்று அதிகம்.

"அஞ்சு கீதே மோகன்?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன், சும்மா சீண்டலாம் என்று.

மோகன் சிரிக்கவில்லை. "அக்கா ஆஸ்பத்திரில படுத்துக்கினே வாய்ஸ் நோட்டா அனுப்பிச்சாங்க மேடம். கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. டைப் பண்ணி வெச்சிக்கினு இருந்தேன். கூட்டம் நடந்தா பைக்குள்ள போடு, எதுன்னு மட்டும் சொல்லிடாதன்னாங்க. அதான் போட்டுட்டேன்."

எங்கள் நிலைமையை நினைத்துப் பார். பைக்குள் நீ இருக்கிறாய்! எந்தத் தாள் என்று தெரியாது. வசந்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆளுக்கு ஒன்று எடுத்தோம்.

செல்வம் முதலில் வாசித்தார். கடற்கரை லூப் ரோடில் மீன் விற்கிற ஒரு பெண், தினமும் வந்து மீன் பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் போகிற ஒருவர். வாசித்து முடித்ததும் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. மீன் என்றால் நீதானே? யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்து கிருபா. அதில் பள்ளிக்கூட ஆய்வகம், ஒரு வேதியியல் டீச்சர். மறுபடியும் எல்லோர் முகத்திலும் அதே கேள்வி. அப்படியானால் இதுதான் நீயா? அருமை, பிரமாதம், வார்த்தையே இல்லை. கிருபா சண்டைக்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தவன், சண்டை போட ஆளில்லாமல் தாளை மடியில் வைத்துக்கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் கூத்தைக் கேள். உன்னை நினைத்து நினைத்து இந்த ஆறு மாதமும் எல்லோரும் உன்னையே எழுதியிருக்கிறார்கள்! மீனும் கோயிலும் ஆய்வகமுமாக எல்லாக் கதையிலும் நீ. அதனால் எந்தக் கதையையும் யாரும் தொடப் பயந்தோம். உனக்குப் பிடிக்கவே பிடிக்காத இழவு வீட்டுக் கூட்டமாக ஆகிவிட்டது அது.

மூன்றாவது வசந்தி. அவள் கையில் இருந்தது என் கதை. மறைப்பானேன், நானும் மீனைத்தான் எழுதியிருந்தேன், மீன் பெயர்கூட ஒழுங்காகத் தெரியாத நான். அதில் ஒரு பெண் புகுந்த வீட்டில் முதல் முதலாக இறால் சமைக்கிறாள். குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக முள் எடுக்கிறாள் என்று உருகி உருகி எழுதியிருந்தேன். வசந்தி அந்த வரியை வாசித்தபோது மோகன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. செல்வம் கீழே குனிந்து பேனாவைத் தேடினார். வசந்தி முடித்தாள். மறுபடியும் அருமை, மறுபடியும் பிரமாதம்.

"ஏன் சிரிச்சேள் மோகன்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"பரவால்லை, சொல்லுங்கோ."

"இறாலுக்கு முள்ளு ஏது மேடம்?"

எனக்கு எப்படித் தெரியும்? எங்காத்தில் யார் இறாலைப் பார்த்தார்கள்? "தெரிஞ்சிருந்தும் ஏன் யாரும் சொல்லலை?" என்று கேட்டேன். வசந்தி மெதுவாக, "ஒருவேளை அக்கா எழுதினதா இருந்தா? வேணும்னே உங்களை மாதிரி எழுதியிருந்தா?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "அவ எழுதினதா இருந்தா இன்னும் சத்தமா சொல்லணும்! ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிண்டு நமக்காக ஒரு கதை சொல்லியிருக்கா. அதுக்கு நாம குடுக்கறது பிரமாதமா? இறாலுக்கு முள் எடுக்கறாளாம்! இதை எழுதினவ ஜன்மத்துல மீன் மார்க்கெட் பக்கம் போனதில்லை. படு மட்டம். இதை எப்படி ஒத்துக்கறது, சொல்லு வசந்தி!" என்று மேஜையைத் தட்டினேன். இரண்டாவது தடவையாக என் கதையை நானே அடித்தேன். இந்தத் தடவை ஒளிந்துகொள்வதற்காக இல்லை.

வசந்தி மூக்கைச் சிந்தினாள். அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? நிமிர்ந்தாள். "ஏன் ஒத்துக்க முடியாது? அவ சைவ வீட்டிலிருந்து வந்த பொண்ணு. முள் இருக்கும்னு நம்பிட்டுத் தேடுறா. இல்லாத முள்ளைத் தேடித் தேடி விரல் எல்லாம் வலிக்குது. யாரும் அவகிட்ட சொல்லலை, எல்லாரும் ஓரமா நின்னு சிரிக்கிறாங்க. இப்ப நாம மோகன் அண்ணனோட சேர்ந்து சிரிச்ச மாதிரி. அதுதான் கதை. உங்களுக்குப் புரியலைன்னா நான் என்ன பண்றது?" என்றாள்.

ஏய்! கேட்டாயா? இல்லாத முள்! நான் தெரியாமல் செய்த தப்புக்குள் இவ்வளவு பெரிய கதை உட்கார்ந்திருக்கிறது. நான் வாயைத் திறக்காமல் இருக்கப் பட்ட பாடு உனக்குத்தான் தெரியும். எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பெற்றவள் பேசக் கூடாதே! உதட்டைக் கடித்துக்கொண்டு, "இருந்தாலும் நம்பும்படியா இல்லை" என்று முனகி வைத்தேன்.

அவ்வளவுதான், கூட்டம் பற்றிக்கொண்டது. செல்வம் வாசித்த கதையைக் கிருபா பிடித்தான். மீன் பெயரைக் கேட்டுவிட்டுப் போகிற ஆளுக்கு வேலை வெட்டியே கிடையாதா என்றான். செல்வம் பலகையில் படம் போட்டு விளக்கினார். வேதியியல் டீச்சர் எந்நேரமும் நல்லவளாகவே இருப்பது எரிச்சலாக இருக்கிறது என்று வசந்தி சொன்னாள். கிருபா அதற்குக் கொடுத்த பதிலில் செல்வம் எழுந்து நின்று கை கொடுத்தார். நான் கடைசியாக வாசித்தேன். பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைக்கிற ஒரு சிறுமியின் கதை. மூன்று பேரும் என்னைக் குதறினார்கள். தொண்டை கட்டும்வரை சண்டை போட்டேன். கீழே ஜூஸ் கடைக்காரர் மேலே ஏறி வந்து, ஏதும் தகராறா சார் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனை மாதத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. சொல்லக் கூசவில்லை, நீ இல்லாத அறையில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மோகன் எல்லோருக்கும் டீ கொடுத்தார். கை தூக்குகிற நேரம். செல்வம், "எழுதினவங்க கை தூக்கலாம்" என்றார், வழக்கம்போல. மற்ற மூன்று பேரும் கை தூக்கித் தங்கள் கதை எது என்று சொன்னால் போதும், எது நீ என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். வசந்தியும் தூக்கவில்லை. கிருபாவின் கை பாதி எழுந்தது. பக்கத்திலிருந்த வசந்தி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். அவனும் புரிந்துகொண்டான். செல்வம் தன் கையைப் பார்த்தார், அப்புறம் டீயைக் குடித்தார். மோகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல கட்சிக்காருங்கப்பா நீங்க" என்றார்.

பைக்குள் இன்னும் ஒரு கதை இருந்தது. ஐந்துக்கு நான்கு பேர்தானே நாங்கள். செல்வம் அதை எடுத்துப் பார்க்காமலே பையின் வாயைச் சுருட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "நீட் பசங்களை சாயங்காலம் வரச் சொல்லிடறேன். அடுத்த ஞாயிறு பத்து மணி. ஆளுக்கு ஒரு கதை. லேட்டா வந்தா கதவு திறக்க மாட்டேன்" என்றார். அதை அவர் எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

என் கதையைக் கழித்துவிட்டால் மிச்சம் நான்கு கதைகள். மூன்றைக் கேட்டாகிவிட்டது, ஒன்று அலமாரியில். அதில் ஒன்றை நீ படுக்கையில் கிடந்து மூச்சு வாங்கிச் சொல்லியிருக்கிறாய். எது என்று எனக்குத் தெரியாது, மோகனிடம் கேட்கப் போவதும் இல்லை. இனிமேல் என் கைக்கு எந்தக் கதை வந்தாலும், அது அன்றைக்குப் புதிதாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுதியதாகவே இருந்தாலும், உன்னுடையதாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு எழுந்து நின்று கத்தப் போகிறேன்.